வெண்கட்டிக் குன்றுகளும் ஒரு வாக்கியமும்

டென்மார்க்கின் தென்கிழக்கு மூலையில் மோன் என்றொரு தீவு உண்டு. இந்த நாடு மேசைப் பலகையைப் போலத் தட்டையானது என்று எண்ணுபவர்கள் ஒருமுறையேனும் அங்கே போய்வர வேண்டும். தீவின் கிழக்குப் பகுதி முழுவதும் குன்றுகள். மேலே புல்லும் பீச் என்னும் காட்டு மரங்களும் போர்த்தியிருக்கும். காலணியின் குதியால் சற்றே கிளறினால் வெள்ளை தெரியும். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி எதுவோ அதுவே அங்கே மலையாக நிற்கிறது. கடற்கரையில் அக்குன்றுகள் சட்டென்று அறுந்து செங்குத்தாக இறங்குகின்றன. உல்லாசப் பயணிகள் அந்த அறுந்த முகத்தைப் பார்த்துப் படம் எடுக்கவே வருகிறார்கள். நானும் என் மனைவியும் நடந்தது உட்புறத்துப் பாதைகளில். குன்றேறி, பள்ளத்தாக்கில் இறங்கி, மாடு மேயும் வேலிகளைக் கடந்து, அடுத்த குன்றில் ஏறும் ஒற்றையடிப் பாதைகள் அவை. மழை பெய்த மறுநாள் நடந்தால் நம் காலணிகள் சுவருக்கு வெள்ளையடித்தவனுடைய காலணிகள் போலாகிவிடும்.

அத்தீவின் பெயரை டேனியர் உச்சரிக்கும் விதம் நம்முடைய நாவுக்கு எட்டாது. ஏகாரம் சொல்ல வாயைத் திறந்துவிட்டு, உதட்டை மட்டும் ஓகாரத்துக்குக் குவித்தாற் போன்ற ஓர் ஒலி அது. அகதிகளாக வந்து அதற்கு அண்மையிலிருந்த ஒரு சிறு பட்டினத்தில் குடியமர்த்தப்பட்ட நாங்கள் எல்லோரும் அதை மோன் என்றே சொல்லிப் பழகினோம். யாழ்ப்பாணத்துப் பேச்சில் மகன் என்னும் சொல் மோன் என்று வரும். மகள், மோள் ஆவாள். ஆகவே அந்தப் பெயரைக் கேட்ட முதல் நாளே எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுடன் ஒரே கட்டடத்தில் தங்கியிருந்த இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார்:

"மோன் எண்டொரு தீவு இருக்கெண்டா, பக்கத்திலை மோள் எண்டும் ஒண்டு இருக்கோணுமே அண்ணை? எங்களை மாதிரிக் கலியாணம் கட்டாத ஆக்களை ஏன் அங்கை விடுறாங்கள் இல்லை?"

என் மனைவி அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனது இன்றும் கண்ணில் நிற்கிறது.

அவளுக்கு அந்தத் தீவில் ஒரு விடுதியில் அறைகள் துப்புரவு செய்யும் வேலை கிடைத்தது. வேலையால் திரும்பும் வழியில் பஸ்ஸின் சாளரம் வழியாகக் குன்றுகளை முதலில் கண்டவள் அவளே. நாங்கள் பிறந்த இடத்தில் மலை கிடையாது. உயரம் என்று சொல்ல அங்கே பனைமரமும் கோயிற் கோபுரமுமே உண்டு. ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவள் என்னிடம், "நாளைக்கு மோனைப் பாக்கோணும்" என்றாள். நான், "ஓம், பாப்பம்" என்றேன். மறுநாள் போனோம். அதன் பிறகு கோடைகாலம் முழுவதும் சனிக்கிழமைதோறும் அவள் அந்த வாக்கியத்தைச் சொல்வதும் நான் அந்த விடையைச் சொல்வதும் வழக்கமாகிவிட்டன. வேறு எதையும் அவள் என்னிடம் அவ்வளவு உரிமையோடு கேட்டதில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அவள் நடக்கும் விதம் தனி. ஏற்றத்தில் பேசமாட்டாள். இறக்கத்தில் வாய் மூடமாட்டாள். உச்சியில் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கும்போது மட்டும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, வயலைப் பார்வையிட வந்த உடையார்போல நிற்பாள். கர்ப்பமாக இருந்த காலத்திலும் அவள் நடையை விடவில்லை.

"மோனிலை நடக்கிறன். மோன்தான் பிறப்பான், இருந்து பாருங்கோ."

"மோள் பிறந்தால் என்ன செய்வீர்?"

"உங்கடை சிநேகிதர் சொன்ன மற்றத் தீவைத் தேடிக் கண்டுபிடிச்சு அங்கையும் நடப்பம்."

மகன்தான் பிறந்தான். அவன் நடக்கப் பழகிய பின்னர் மூவராகப் போனோம். பாதையோரங்களில் பலகை ஆசனங்கள் உண்டு. அவற்றில் அமர்ந்து இளைப்பாறும்போது அவள் காலடியில் கிடக்கும் வெள்ளைக் கட்டியொன்றை எடுத்துப் பலகையிலே அகரம் எழுதிக் காட்டுவாள். அவன் அதன் மேலே கையை வைத்துத் தேய்த்துவிட்டுச் சிரிப்பான். அவன் அகரத்தைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை. பாடசாலைக்குப் போகத் தொடங்கியதும் டேனிஷ் வந்து வீட்டை நிறைத்துவிட்டது. நாங்கள் தமிழில் கேட்போம். அவன் டேனிஷில் விடை சொல்வான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இங்கே எல்லா வீடுகளிலும் அதுவே நடந்தது.

பின்னர் ஒடென்சேக்குக் குடிபெயர்ந்தோம். எனக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை; அவளுக்கு ஒரு பாடசாலையின் சமையலறையில். மோன் தூரமாகிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை, பீச் இலை தளிர்க்கும் மே மாதத்தில் மட்டும் போனோம். மகன் படித்து முடித்து ஓல்போர்க்கில் வேலை தேடிக்கொண்டு, அங்கேயே ஒரு டேனிஷ் பெண்ணுடன் வாழத் தொடங்கினான். நல்லவன். பண்டிகைக்கும் தாயின் பிறந்தநாளுக்கும் தவறாமல் வருவான். இருந்தும் இடைப்பட்ட நாட்களில் என் மனைவி தொலைபேசியைப் பார்த்தபடி பெருமூச்சுடன், "மோனைப் பாக்கோணும்" என்பாள். எழுத்துப் பிசகாமல் பழைய வாக்கியமே; பொருள் வேறு. எந்த மோன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவளுடைய முகமும் குரலும் அந்த வேறுபாட்டைச் சொல்லிவிடும். சனிக்கிழமைக் குரல் வேறு. தொலைபேசிக் குரல் வேறு.

சென்ற குளிர்காலத்தில் அவளுக்குப் பாரிசவாதம் வந்தது. காலையில் தேநீர்க் கோப்பையை எடுத்தவள் அதைக் கீழே விட்டாள். குனிந்து உடைந்த துண்டைப் பொறுக்க முயன்றவள் அப்படியே சரிந்தாள். வைத்தியசாலையில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போனது. மகன் ஓல்போர்க்கிலிருந்து வந்து வாரக்கணக்கில் எங்களுடன் இருந்தான்; தாய்க்காகத் தனக்குத் தெரிந்த தமிழிலேயே பேசத் தொடங்கினான். அந்த நாட்களில் அவளிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. கண்கள் மட்டும் எங்களைத் தொடர்ந்தன. அவளுக்கு எங்களை அடையாளம் தெரிந்திருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அவனுடைய தலையை வருடும்போது அவளுடைய இடது கை, அவன் சிறுவனாக இருந்தபோது வருடிய அதே இடத்தில், பிடரியில்தான் போய் நின்றது.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து, மகனும் வேலைக்காகத் திரும்பிப்போன பிறகு, ஒரு முற்பகலில் நான் அவளுடைய கால்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது. கரடுமுரடாக, துருப்பிடித்த படலையைத் திறந்தாற்போல.

"மோனைப் பாக்கோணும்."

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவும் அதையே சொன்னாள். பிழையற்ற முழு வாக்கியம். நான் அழுதேன் என்பதை மறைக்கத் தேவையில்லை. உடனே மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அம்மா கதைச்சவவா?"

"ஓம் மோனை. கதைச்சவ. உன்னைத்தான் கேட்டவ."

"என்ன சொன்னவ?"

"மோனைப் பாக்கோணும் எண்டு சொன்னவ."

அவன் டேனிஷில், "யாய் கொம்மர்" என்றான். வருகிறேன் என்று பொருள். வேலைகளை ஒழுங்குசெய்துகொண்டு அடுத்த வாரம் வருவதாகச் சொன்னான்.

அந்த இடைவெளியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பொறுமையும் கனிவும் உள்ள டேனிஷ் பெண்மணி. நான் பெருமிதத்தோடு அந்த வாக்கியத்தைச் சொல்லி, அதன் பொருளையும் விளக்கினேன். அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தம்முடைய நாற்காலியை என் பக்கமாக நகர்த்திக்கொண்டு மெதுவாகப் பேசினார். இவ்வாறான நோயாளிகள் சிலருக்கு எல்லாச் சொற்களும் அழிந்த பின்னர் ஒரே ஒரு சொல்லோ வாக்கியமோ எஞ்சி நிற்பதுண்டாம். அவர்கள் எதைச் சொல்ல எண்ணினாலும் அதுவே வாயில் வருமாம். பசியென்றாலும் அதுதான், குளிரென்றாலும் அதுதான். ஆகவே வாக்கியத்தின் பொருளைத் தேடி அலையவேண்டாம். முகத்தையும் கையையும் கவனியுங்கள் என்றார்.

நான் தலையசைத்தேன். மனம் ஏற்கவில்லை. தமிழ் ஓர் எழுத்தும் அறியாத இவருக்கு அந்த வாக்கியத்தைப் பற்றி என்ன தெரியும் என்று எண்ணினேன். பயிற்சி முடிந்து புறப்படுகையில் அவர் என் மனைவியின் தோளைத் தொட்டு விடைபெற்றார். என் மனைவி அவரைப் பார்த்து, "மோனைப் பாக்கோணும்" என்றாள். அவர் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அதே வாரத்தில் கொம்யூனிலிருந்தும் வந்தார்கள். இந்நாட்டில் நகரசபையைக் கொம்யூன் என்போம். முதியோரைப் பார்ப்பது அவர்களுடைய பொறுப்பு. என்னால் அவளைத் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோக முடியவில்லை என்பதையும், ஒருமுறை இருவரும் சேர்ந்தே விழுந்தோம் என்பதையும் அறிந்துகொண்டார்கள். பராமரிப்பு இல்லத்தில் அவளுக்கு ஓர் அறை ஒதுக்கப்பட்டது. மே மாத நடுவில் அவள் அங்கே போகவேண்டும். மறுத்துப் பேச என்னிடம் நியாயம் இருக்கவில்லை. போவதற்கு முன்னர் அவள் கேட்டதைக் கொடுத்துவிடவேண்டும் என்பது ஒன்றே என் எண்ணமாக இருந்தது. வாழ்நாள் முழுவதும் சொல்லிச் சேர்த்த சொற்களெல்லாம் போன பின்பும் அவள் விடாமல் வைத்திருந்த கேள்வி அது. அதற்கு விடை கிடைக்காமலே அவள் வீட்டைவிட்டுப் போகக்கூடாது.

மகன் வந்தான். அவனைக் கண்டதும் அவளுடைய முகத்தின் ஒரு பாதி சிரித்தது. மறுபாதி சிரிக்க முடியாமல் தொங்கியது. பிடரியை வருடினாள். அன்று மாலை முழுவதும் வாய் திறக்கவில்லை. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, இனிக் கேட்கமாட்டாள் என்று நான் நிம்மதியடைந்தேன். சமையலறையில் நின்று கோழிக்கறி வைத்தபடி எனக்குள் பாடவும் செய்தேன்.

மறுநாட் காலையில் அவன் அவளுக்கருகே அமர்ந்து ஓட்ஸ் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தான். அவள் கரண்டியை இடது கையால் ஒதுக்கிவிட்டு அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"மோனைப் பாக்கோணும்."

"நான் இஞ்சைதானே இருக்கிறன், அம்மா."

"மோனைப் பாக்கோணும்!"

"அம்மா, என்னைப் பாருங்கோ. நான்தான். நான்தான் மோன்."

அவள் முகத்தைத் திருப்பிச் சாளரத்தைப் பார்த்தாள். அவன் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தான். கண்கள் சிவந்திருந்தன. நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றவன் திடீரென்று அந்தத் தீவின் பெயரைச் சொன்னான். அசல் டேனிஷ் உச்சரிப்பில், எங்கள் நாவுக்கு எட்டாத அந்த ஒலியில். எனக்கு முதலில் விளங்கவில்லை.

"என்னடா?"

"மோன், அப்பா. என்னைச் சொல்லேல்லை. அந்த மோன். நாங்கள் நடக்கிற இடம். இப்ப மே மாசம்தானே?"

என்னுடைய நிலையை எப்படி எழுதுவது! சனிக்கிழமைக் குரலையும் தொலைபேசிக் குரலையும் பிரித்தறிந்தவன் என்று பெருமைப்பட்டவன் நான். இப்போதோ அவளிடம் இருந்தது ஒரே குரல். அந்தக் குரலில் இரண்டு மோனும் ஒன்றாகிவிட்டதை நான் எண்ணிப் பார்க்கவேயில்லை. தாய் மகனைத்தான் கேட்பாள் என்று முடிவுகட்டிவிட்டேன். அவளிடம் ஓடிப்போய்க் குனிந்து, "நாங்கள் குன்றேறி நடந்த மோனையே கேக்கிறீர்? வெண்கட்டி மோனையே?" என்று கேட்டேன். அவள் தலையை உயர்த்தினாள். அது எங்களுக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த நாள் புறப்பட்டோம். மகனுடைய காரின் பின்புறத்தில் சக்கர நாற்காலியை மடித்து வைத்தோம். பெரிய பாலத்தைக் கடக்கையில் இருபுறமும் கடல் சாம்பல் நிறமாகக் கிடந்தது. அவள் விழித்திருந்தாள். வழியில் ஒன்றும் சொல்லவில்லை. நானே பழைய கதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தேன்: மோள் தீவைத் தேடிய இளைஞரின் கதை, சேறான காலணியோடு பஸ்ஸில் ஏறி அவள் சாரதியிடம் ஏச்சு வாங்கிய கதை. மகன் சில இடங்களில் சிரித்தான். சில சொற்களை அவனுக்கு டேனிஷில் விளக்கவேண்டியிருந்தது.

பாதையின் தொடக்கத்தில் காரை நிறுத்தினோம். பீச் காடு அப்போதுதான் தளிர்த்திருந்தது. வெண்கட்டி மண்ணில் வளரும் பீச் இலைக்கு ஓர் இளம் பச்சை உண்டு. வெயில் இல்லாத நாளிலும் காட்டுக்குள்ளே விளக்கெரிவது போலிருக்கும். முதல்நாள் மழை பெய்திருந்தது. நாற்காலியின் சக்கரங்கள் வெள்ளைச் சேற்றில் புதைந்தன. மகன் தள்ளினான், நான் முன்னால் நின்று இழுத்தேன். காடு முடிந்து குன்றுகள் தொடங்கும் இடத்தில் மாட்டு வேலி குறுக்கிட்டது. வேலியில் ஒரு படலை. மனிதர் ஒவ்வொருவராக வளைந்து நுழையலாம், மாடு நுழையமுடியாது. அந்த ஏற்பாட்டை என் மனைவி எவ்வளவு மெச்சியிருக்கிறாள்! அவளே இப்போது நுழையமுடியாதவள் ஆனாள். நாற்காலி அதற்குள் திரும்பவில்லை.

நடைக் கோல்களுடன் எதிரே வந்த வயதான டேனிஷ் தம்பதியர் நின்றார்கள். இன்னும் சிறிது தூரம் போனால் ஆசனம் ஒன்று இருக்கிறது, அங்கிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் என்று அந்த அம்மையார் சொல்லிவிட்டு, படலையைத் தம்முடைய இடுப்பால் தள்ளிப் பிடித்துக்கொண்டார். மகன் குனிந்து தாயை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டான்.

"அம்மா ஒரு பாரமும் இல்லை, அப்பா. உங்களைத் தூக்கச் சொன்னாத்தான் நான் மாட்டன்."

"அதுக்கும் ஒரு நாள் வரும். அவசரப்படாதை."

அம்மையாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். அன்றைய நாளின் கடைசிச் சிரிப்பு அது.

ஆசனத்தில் அவளை நடுவில் இருத்தி, இருபுறமும் நாங்கள் அமர்ந்தோம். முன்னால் பள்ளத்தாக்கு இறங்கியது. அடியில் ஒரு குட்டை; அதன் கரையில் செம்மாடுகள். அதற்கப்பால் ஒரு குன்று, அதன் பின்னே இன்னொன்று. புல் கிழிந்த இடங்களில் வெள்ளை தெரிந்தது. எல்லாவற்றுக்கும் அப்பால் ஒரு கோடளவு கடல். எதுவும் மாறியிருக்கவில்லை. மகன் ஒரு பக்கம், மோன் எதிரே. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் குன்றுகளை நெடுநேரம் பார்த்தாள். இடது கை மெல்ல எழுந்து முதுகுப்புறமாகப் போக முயன்றது. ஆசனத்தின் சாய்வு தடுத்தது. கையைப் பின்னால் கட்டும் பழைய நிலையை அவள் நாடுகிறாள் என்று எண்ணி என் நெஞ்சு பொங்கியது.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மோனைப் பாக்கோணும்."

மகன் கையை நீட்டிக் குன்றுகளைக் காட்டினான்.

"இதுதான் அம்மா. மோன். இஞ்சை வந்திட்டம். பாருங்கோ."

"மோனைப் பாக்கோணும்." இம்முறை அவள் இடது கையை முட்டியாக்கித் தன் தொடையிலே குத்தினாள். மீண்டும் மீண்டும் குத்தினாள். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். அவள் கண்களில் நீர் நிறைந்திருந்தது. தான் நினைத்த சொல் வரவில்லை என்பதும், வந்தது வேறு என்பதும் அவளுக்கே தெரிந்திருந்தது. அதை அந்தக் கணத்தில்தான் கண்டேன்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. காலடியில் கிடந்த வெள்ளைக் கட்டியொன்றை எடுத்து அவளுடைய இடது கையில் வைத்து, "எழுதும்" என்றேன். "என்ன வேணுமெண்டு எழுதும்." பலகையைக் காட்டினேன். அவள் கட்டியைப் பார்த்தாள். நன்றாகவே பிடித்தாள். குனிந்து பலகையில் வைத்தாள். ஒரு கோடு சாய்வாக இறங்கியது, வளைந்தது, மேலே ஏறியது, வந்த வழியிலேயே திரும்பியது. மகன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"இது அ தானே, அப்பா?"

அவனுக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். நான் உற்றுப் பார்த்தேன். எழுத்து எதுவுமில்லை. கை போன வழியே போயிருந்தது. இருந்தும் அவனிடம், "இருக்கலாம்" என்றேன். அவள் தான் வரைந்ததைப் பார்த்துவிட்டு, கட்டியைப் புல்லில் போட்டாள்.

காற்று குளிர்ந்தது. அவள் மறுபடியும் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். மகன் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து வாயருகே பிடித்தான். அவள் ஆவலோடு குடித்தாள்.

"தண்ணிதான் கேட்டவ!" என்றான் அவன். முகம் மலர்ந்துவிட்டது.

அவள் வாயைத் துடைத்துவிட்டோம். சிறிது நேரத்தில் மறுபடியும் சொன்னாள். சால்வையைப் போர்த்தினேன். அமைதியானாள். பின்னர் மறுபடியும். காலை நீட்டி வைத்தோம். மறுபடியும். வெயில் கண்ணில் படுகிறதோ என்று மகன் எழுந்து முன்னால் நின்று மறைத்தான். மறுபடியும். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளைகள் போல அவள் முகத்தைப் பார்த்தோம். தண்ணீரைத் தவிர எதுவும் சரிவரவில்லை. தண்ணீரும் தற்செயலாகச் சரிவந்ததோ, யார் கண்டார்! பேச்சுப் பயிற்சிப் பெண்மணி சொன்னது அந்த ஆசனத்திலே என் காதுக்கு இரண்டாம் முறையாகக் கேட்டது. தமிழ் அறியாத அவர் என் மனைவியின் வாக்கியத்தை என்னைவிட நன்றாக அறிந்திருந்தார்.

மகன் அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பினான். படலையைப் பிடிக்க இப்போது யாரும் இல்லை; நான் பிடித்தேன். அவள் அவனுடைய தோளில் தலையை வைத்துக் குன்றுகளைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். காரில் ஏறியதும் உறங்கிவிட்டாள். பாலத்தில் வரும்போது மகன் டேனிஷில் கேட்டான், அவள் உண்மையில் என்னதான் கேட்டாள் என்று. தெரியாது என்றேன். சில நிமிடங்கள் கழித்து, தெரிய வாய்ப்பிருக்கிறதா என்று கேட்டான். நான் அவளுடைய சால்வையைச் சரிசெய்தேன். வீட்டுக்கு வந்து சக்கரங்களிலிருந்த வெள்ளைச் சேற்றை அவன் வாளித் தண்ணீரில் கழுவினான். அது காய்ந்து இறுகியிருந்ததால் எளிதில் போகவில்லை.

அவன் ஓல்போர்க் திரும்பிய பிறகு அவளைப் பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். தூய்மையான அறை, பெரிய சாளரம், வெளியே ட்ராம் போவது தெரியும். நான் நாள்தோறும் ட்ராமில் போய் வருகிறேன்.

அங்கேயும் அவள் அந்த வாக்கியத்தைச் சொல்கிறாள். டேனிஷ் தாதிகளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லையாம். பிறகு அவர்களில் ஒருவர் அதிலே தீவின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார். அவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி, பழைய நாட்காட்டியிலிருந்து மோன் தீவின் வெள்ளைக் கரைப் படத்தைக் கத்தரித்துச் சட்டமிட்டு, கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறார்கள். உல்லாசப் பயணிகள் எடுக்கும் அதே அறுந்த முகம். நாங்கள் நடந்த பக்கம் படத்தில் இல்லை. வார இறுதியில் வேலைக்கு வரும் தமிழ்ப்பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். அவள் ஊர்ப் பேச்சை நன்றாக அறிந்தவள். அவள் என் மனைவியின் தலையணையைச் சரிசெய்துகொண்டே, "வருவார் அன்ரி, மகன் வருவார். லீவு கிடைச்சா ஓடிவந்திடுவார்" என்று ஆறுதல் சொல்கிறாள். ஒருமுறை என்னிடம், "அங்கிள், மகனை ஒருக்கா வரச் சொல்லுங்கோவன். பாவம், நாள் முழுக்க அவரையே கேக்கிறா" என்றாள். நான் சரியென்றேன். இரு தரப்பாருடைய அன்பையும் திருத்த எனக்கு மனம் வரவில்லை. திருத்தினாலும் அதற்குப் பதிலாகச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?

நேற்றும் போனேன். கதிரையை இழுத்துப்போட்டு அவளுடைய இடது பக்கத்தில் அமர்ந்தேன். அவள் விழித்து என்னைப் பார்த்தாள். வலிக்கிறதோ, பசிக்கிறதோ, வீட்டுக்குக் கூட்டிப்போ என்கிறாளோ, என்னைப் போகச் சொல்கிறாளோ, அறியேன்.

"மோனைப் பாக்கோணும்."

தண்ணீர் கொடுத்தேன், வேண்டாமென்று உதட்டை மூடிக்கொண்டாள். போர்வையை இழுத்துவிட்டேன். சாளரத் திரையை விலக்கினேன். பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள். நான் அவளுடைய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எதற்கு உடன்படுகிறேன் என்று தெரியாமலே, சனிக்கிழமைகளில் சொன்ன விடையைச் சொன்னேன்.

"ஓம், பாப்பம்."

அவள் கண்களை மூடவில்லை; என் முகத்தையே பார்த்தபடி இருந்தாள்.